சராசரி போக மீதி

காலை ஐந்தரைக்கு விளக்கு எரியும். எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காவலர் எண்ணிக்கொண்டு போவார். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். எண்ணி முடித்ததும் அவர் கொக்கியைத் திறந்துவிடுவார்; கையில் இருக்கும் காப்பைக் கழற்றித் தட்டில் போட வேண்டும். பிறகு குளிக்க நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் நான் குளிப்பதில்லை. ஆண்கள் பிரிவின் அறைகளிலும் பெண்கள் பிரிவின் ஜன்னலிலும் தட்டுகளை வாங்கித் தள்ளுவண்டியில் மின்னேற்றும் அறைக்குக் கொண்டுபோவேன். நூற்றுத் தொண்ணூறு காப்புகள். ஸ்பிரிட் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைப்பேன். மின்னேற்றும் தட்டில் பெயர் ஒட்டிய குழிகளில் வைப்பேன். பச்சை விளக்கு வந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்புறம் ரொட்டி, வெண்ணெய், பால் இல்லாத தேநீர்.

என் மனைவி இறந்து இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். வேலை அதேதான். துடைக்க வேண்டியது ஒன்று குறைவு.

வெளியே இருப்பவர்களுக்காகக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிற ரப்பர் பட்டை. மணிக்கட்டில் மாட்டினால் நாடித்துடிப்பு, வியர்வை, நரம்பின் அதிர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகக் காட்டும். இந்தத் தடுப்பு மையத்தை அரசாங்கம் நடத்தவில்லை. ஒரு கம்பெனி நடத்துகிறது. அதன் பெயரையும் இந்த நாட்டின் பெயரையும் எழுத விசாரணை முடியும்வரை எனக்கு அனுமதி இல்லை. முதல் நாள் அவர்கள் கொடுத்த தமிழ்க் கையேட்டில், "இனி வலிக்கிறது என்று சொல்லி நீங்கள் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை" என்று இருந்தது. காப்பில் எண் ஏழைத் தாண்டிக் கால் மணி நேரம் நின்றால் மணி அடிக்கும். மணி அடித்தால் மருத்துவர் வந்தாக வேண்டும். அது கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம்.

நான் அதை நம்பினேன். படித்தது மின்னணுவியல். பிறந்தது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அகதி முகாமில். குடியுரிமை இல்லாதவனுக்குக் கம்பெனி வேலை கிடைக்காது. பட்டத்தை வைத்துக்கொண்டு நாலு வருடம் வீடுகளுக்கு வர்ணம் அடித்தேன். வினோதினி அதே முகாமில் அடுத்த வரிசை வீடு. ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் கிளம்பினோம். இங்கே வந்து சேர்ந்ததும் அவளைப் பெண்கள் பிரிவிலும் என்னை ஆண்கள் பிரிவிலும் வைத்தார்கள். ஞாயிறு இரண்டு முதல் மூன்றுவரை சந்திப்புக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் இது ஆரம்பித்தது.

"இஞ்சினியரே, ஒரு சந்தேகம்," என்றாள். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அப்படிக் கூப்பிடுவாள்.

"சொல்லு."

"எங்க ரூம்ல தர்சிகான்னு ஒரு பொண்ணு இருக்கால்ல, புதுக்குடியிருப்புக்காரி. மாசத்துல பாதி நாள் சுவத்தைப் புடிச்சுக்கிட்டுதான் நடக்குறா. அடிவயிறு. காப்புல ரெண்டு காட்டுது. போன வாரம் எனக்குப் பல்லு வலிச்சப்ப ஆறு காட்டுச்சு. என் பல்லுக்கு ஆறு, அவ வயித்துக்கு ரெண்டா?"

"அவ வந்து எத்தனை மாசம்?"

"பதினொண்ணு."

"வலி?"

"வந்ததுலேர்ந்து."

"அப்ப ரெண்டுதான் காட்டும். கடைசி முப்பது நாளோட சராசரியைக் கழிச்சிட்டுத்தான் அது நம்பர் போடும். மின்னேத்துற ரூம்ல மேனுவல் கெடக்கு. படிச்சேன்."

"எதுக்குக் கழிக்கணும்?"

"கழிக்கலன்னா இங்க இருக்குற எல்லாருக்கும் நாள் பூரா மணி அடிக்கும். புதுசா வர்ற வலி மட்டும் தெரிஞ்சா போதும்னு வச்சிருக்கான்."

"அப்ப ரொம்ப நாளா வலிச்சா?"

"வலி இல்லன்னு கணக்கு."

வினோ சிரித்தாள். கோபம் வந்தால் முதலில் சிரிப்பாள். "நல்லாருக்கே. டாக்டர் வர பாஸ் மார்க் ஏழு. அதுவும் புதுசா அட்மிஷன் போட்ட வலிக்குத்தான். அரியர் வச்ச வலிக்குப் பரீட்சையே கெடையாது."

"சத்தமாப் பேசாத."

"என் சராசரி எவ்ளோ?"

"உனக்கென்ன, பூஜ்யம்."

"அப்ப என் காப்பை அவ மாட்டிக்கிட்டா?"

எனக்கு உடனே புரிந்தது. "கொறஞ்சது எட்டு காட்டும்."

"டாக்டர் வருவாரு."

"உன் பேருக்கு வருவாரு."

"பேருக்கு வந்தா என்ன? வந்து யாரைப் பாப்பாரு? வலிக்குறவளைத்தானே?"

எங்கள் முகாமில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். குழாயடி வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை. குடங்கள் நிற்கும். குடத்தின் கழுத்தில் அவரவர் வர்ண அடையாளம். "எங்க குடத்தைக் கொஞ்சம் தள்ளி விட்டுடுங்க" என்று யாரிடமாவது சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அவர்கள் குடத்தை எடுத்துவிட்டு முன்னால் நிற்கும் நம் குடத்தைக் கொடுத்துவிடுவோம். தண்ணீர் யாருக்குத் தேவையோ அவர்கள் வீட்டுக்குப் போகும். காலிக்குடம் சாயங்காலம் திரும்ப வரும். வினோவும் நானும் அந்த வரிசையில் வளர்ந்தவர்கள். காப்பையும் ஒரு குடமாக நினைத்துவிட்டோம். அந்தக் குடம் காலியாகத் திரும்பி வராது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

காப்பை மாற்ற என்னால்தான் முடியும். பெண்கள் பிரிவு ஜன்னலில் நிற்கும் காவலர் குழியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் மாட்டி, கொக்கியைப் பூட்டுவார். அடுத்த காலை அவர்தான் திறப்பார். செவ்வாய்க்கிழமை காலை வினோவின் காப்பைத் தர்சிகாவின் குழியில் வைத்தேன். அவளுடையதை வினோவின் குழியில் வைத்தேன். பத்து மணிக்கு எண் எட்டைத் தொட்டது என்று வினோ பிறகு சொன்னாள். பதினொன்றுக்கு வேன் வந்தது. ஒரு தாதி காப்பில் கருவியைக் காட்டினாள். வினோதினி என்று பெயர் வந்தது. தர்சிகாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரையில் வினோவின் புகைப்படம் இருந்தது. தர்சிகா அவளைவிட அரை அடி உயரம். யாரும் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மாலை வயிற்றில் கட்டோடு கொண்டுவந்து விட்டார்கள். சின்னக் கட்டி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னதாகத் தர்சிகா வினோவிடம் சொன்னாள். வியாழன் காலை காப்புகளைப் பழையபடி மாற்றி வைத்தேன். வலி மாத்திரைகள் வினோவின் பெயருக்கு வந்தன. தாதி வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். வினோ கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு துடைத்துத் தர்சிகாவிடம் கொடுப்பாள். அந்த ஞாயிறு சந்திப்பில், "அவ நேத்து சுவத்தைத் தொடாம நடந்தா" என்று என்னிடம் சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் இந்த மையத்தில் பார்த்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை. தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு இப்ப வலது பக்கம் கீழ. தண்ணி குடிச்சாலும் வாந்தி."

"காப்பு?"

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று.

"உனக்குச் சராசரியே கெடையாதே, எப்படி மூணு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். புரிந்துவிட்டது. வயிற்று அறுவை நடந்தவர்களுக்கு ஆறு வாரம் வலி இருப்பது சகஜம் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியும். அதையும் கழிக்கும். பதிவில் அறுவை நடந்தது வினோவுக்கு.

"நாளைக்குக் காலைல ஜெனிட்டா காப்பை உன் குழியில வச்சிடறேன்," என்றேன். ஜெனிட்டா அவள் அறையில் புதிதாக வந்தவள். "அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத. இப்பவே போய்ச் சுவர்ல இருக்குற சிவப்பு பட்டனை அமுக்கி, நர்ஸ்கிட்ட ஆபரேஷன் எனக்கு நடக்கலன்னு சொல்லிடு."

"சொன்னா யாருக்கு நடந்துச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"புதன்கிழமை அவளுக்குக் கேஸுங்க. அடையாள மோசடின்னு எழுதினா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அவ திரும்பிப் போனா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வினோ, நீ முதல்ல."

"பாக்குறேன்."

"பாக்குறேன்னா?"

"பட்டனை அமுக்குறேன். போதுமா? முகத்தை இப்படி வச்சுக்காதீங்க, எனக்கு வலி ஜாஸ்தியாவுது."

மூன்று மணிக்குக் காவலர் கூப்பிட்டார். எழுந்து நேராக நிற்க முடியாமல் வளைந்து நடந்து போனாள்.

திங்கள் காலை ஆண்கள் பிரிவை முடித்துவிட்டுப் பெண்கள் பிரிவு ஜன்னலுக்குப் போனேன். தட்டை எண்ணினேன்.

"ஒன்று குறைகிறது," என்றேன்.

காவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்றிலிருந்து அது வேண்டாம்," என்றார்.

குடல்வால் வெடித்திருக்கிறது. வெளியே எந்த ஊரிலும் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஒரு மணி நேர வேலை. இதைப் பிறகு நானே அறிகுறிகளை வைத்துத் தெரிந்துகொண்டேன். கம்பெனியின் அறிக்கையில் காரணம் 'அறுவைக்குப் பின் ஏற்பட்ட அரிய சிக்கல்' என்று இருந்தது. புதன்கிழமை ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். சாம்பல். கூடவே ஒரு கடிதம்: 'தங்கள் மத வழக்கப்படி விரைவாகத் தகனம் செய்யப்பட்டது.' நான் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. என் மனைவியை எரிக்கும் உரிமையைக்கூட அவர்கள் மரியாதை என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

அன்று என் காப்பு ஒன்பது காட்டியது. மணி அடித்தது. மருத்துவர் ஒருவர் வந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஊசி போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் நாலு. முப்பத்தொன்றாம் நாள் பூஜ்யம் காட்டியது. எனக்கு முதல் நாளுக்கும் முப்பத்தொன்றாம் நாளுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெட்டியோடு வினோவின் துணிகளும் ஒரு காகித உறையும் இருந்தன. உறையில் மருத்துவச் சுருக்கம். அதைப் பிரிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'கர்ப்பப்பையும் இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டன. ஒப்புதல்: மயக்க மருந்துக்குப் பின் நோயாளியின் காப்பு அமைதி நிலையில் இருந்ததால் ஒப்புதல் பெறப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.'

மூன்று முறை படித்தேன். அது வினோவின் உடல் இல்லை.

மனோகரி இலவச சட்ட உதவிக் குழுவின் வழக்கறிஞர். அவருடைய பெற்றோர் முப்பது வருடத்துக்கு முன் இங்கே படகில் வந்தவர்கள். வீட்டில் கேட்டுக் கற்ற தமிழ். தாளைப் படித்துவிட்டு அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினார்.

"இந்த டொக்டரின்ர பேர் எனக்குத் தெரியும். வயித்து நோ எண்டு அனுப்பின பொம்பிளையள் எல்லாருக்கும் இதே வைத்தியம்தான். ஒண்டரை வருசத்தில நாப்பத்தொரு பேர். எல்லாக் கடதாசியும் சரியா இருக்கு. எல்லாருக்கும் 'அமைதி நிலை'. ஒண்டையும் எங்களால நிரூபிக்க ஏலாமக் கிடக்கு."

"இதை நிரூபிக்கலாமா மேடம்?"

"இதுக்கு மட்டும்தான் ஏலும். உங்கட மனைவிக்கு ஒப்பரேசன் எண்டு எழுதியிருக்கு. அவவின்ர வயித்தில தழும்பு இருந்ததோ?"

"இல்ல. எரிச்சுட்டாங்க."

"அப்ப மற்றப் பிள்ளையின்ர வயித்திலதான் சாட்சி இருக்கு. தழும்பு இருக்கு, கடதாசி இல்லை. அவ வந்து சொன்னா, உங்கட மனைவின்ர வலியைப் பிழையான கணக்கில கழிச்சவை எண்டதும் வெளியில வரும், ஒருத்தரும் முகம் பாக்காம வெட்டினவை எண்டதும் வரும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நிமலன், அவவுக்கு இஞ்ச இருக்க அனுமதி கிடைச்சுப் பதினாலு நாள்தான். கையெழுத்துகள் முடிஞ்சா வெளியில போயிடுவா. சாட்சி சொன்னா அதை நிப்பாட்டலாம். நான் கட்டாயப்படுத்த மாட்டன்."

"அவளுக்கு என்ன எடுத்தாங்கன்னே தெரியாது மேடம். கட்டின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

மனோகரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நாலு நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் ஜன்னலில் தட்டை நீட்டும்போது தர்சிகா காவலருக்குக் கேட்காமல், "அண்ணை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பாள். "சாப்பிட்டேம்மா" என்பேன். அவள் நன்றாக நடந்தாள். இருபத்தேழு வயது. நிச்சயித்த பையன் வெளியே வேறொரு நாட்டில் காத்திருக்கிறான் என்று வினோ சொல்லியிருந்தாள். அவளைத் தெரியாமலே போகவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நினைத்தேன்: அவளிடம் கேட்காமல் எடுத்தார்கள், இப்போது அவளிடம் சொல்லாமல் நான் மறைக்கிறேன். அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஐந்தாம் நாள் மனோகரியின் சந்திப்பு அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். விசாரணைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று மனோகரி தொடங்கினார். தாளை நான்தான் படித்துச் சொன்னேன். தமிழில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"எல்லாத்தையுமோ?" என்றாள்.

"ஆமாம்மா."

"சின்னக் கட்டி எண்டவர்." தன் கைகளைப் பார்த்தாள். "மாதம் வரேல்லை. இஞ்சத்தைச் சாப்பாட்டால எண்டு நினைச்சன். நோ நிண்டது போதும் எண்டு கும்பிட்டுக்கொண்டு இருந்தன் அண்ணை. அந்த மனுசனுக்கும் சேத்துக் கும்பிட்டனான்."

மனோகரி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வினோ அக்காவுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது. அவளும் கட்டின்னுதான் நெனச்சா."

"நல்லது." சேலைத் தலைப்பு இல்லை, மையம் கொடுத்த சட்டைதான். அதன் விளிம்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு மனோகரியைப் பார்த்தாள். "அக்கா, என்ன சொல்ல வேணும்? எங்க வந்து சொல்ல வேணும்?"

"அவசரப்படாதையுங்கோ. உங்கட விசா..."

"தெரியும்."

"நீ போயிடு தர்சிகா," என்றேன். "வினோ அதுக்குத்தான் வாயைத் திறக்கல. நீ வெளிய போகணும்னுதான்."

அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அதை நீங்கள் சொல்லாதேங்கோ அண்ணை. அவ எனக்குப் பேர் தந்தவ. அந்தப் பேரில என்னை வெட்டினவங்கள். பிறகு அந்த வெட்டைக் காட்டியே அவவைச் சாகவிட்டவங்கள். நான் இதோட எங்க போய் இருந்து சோறு தின்னுறது?"

வினோவின் சாவு பற்றிய விசாரணை நேற்று நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், காதில் மாட்டும் மொழிபெயர்ப்பான். கம்பெனியின் வழக்கறிஞர் இளைஞர். என் வயதுதான் இருக்கும். என்னிடம் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டுத் தொடங்கினார்.

"இறந்தவருக்கு முறையான அறுவை நடந்தது. ஒப்புதல் பதிவாகியிருக்கிறது. ஞாயிறு மாலை நாலு நாற்பதுக்கு அவரே திரைவழித் தாதியை அழைத்தார். தன் அடையாளத்தை உறுதி செய்தார். 'பரவாயில்லை' என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார். ஒரு நோயாளியே பரவாயில்லை என்று சொன்ன பிறகு, ஒரு நிறுவனம் வேறு என்ன செய்ய முடியும்?"

அந்த இடத்தில் என் காப்பில் எண் மாறியது. குனிந்து பார்த்தேன். இரண்டு.

எழுந்தேன். காப்புகளைக் குழி மாற்றி வைத்தது நான்தான் என்று சொன்னேன். தேதி, நேரம், குழி எண் எல்லாம் சொன்னேன். அதனால் என் வழக்கும் போகும் என்று மனோகரி முன்பே எச்சரித்திருந்தார். அந்த இளைஞர் புன்னகைத்தார். "மனைவியை இழந்த துக்கத்தில் ஒருவர் எதையும் நம்பலாம். சான்று இருக்கிறதா?"

தர்சிகா எழுந்தாள். யாரும் கேட்பதற்கு முன் சட்டையின் விளிம்பைத் தூக்கினாள். தொப்புளுக்குக் கீழே குறுக்காக ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்த தழும்பு. தையல் போட்ட இடங்களில் தசை பிதுங்கியிருந்தது. மையத்தின் பதிவில் அவளுக்கு ஒரு ஊசிகூடப் போடப்பட்டதில்லை.

குழுத் தலைவர் ஒரு வயதான பெண். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது அவசியமில்லை. தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள்."

"பாருங்கோ," என்றாள் தர்சிகா. குரல் நடுங்கவில்லை. "வேனில ஏத்தேக்க ஒருத்தரும் பாக்கேல்லை. கட்டிலில கிடத்தேக்க பாக்கேல்லை. வெட்டேக்கையும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. நீங்களாவது பாருங்கோ. பாத்துப்போட்டு எழுதுங்கோ."

தலைவர் திரும்பினார். பார்த்தார். பக்கத்தில் இருந்த இருவரும் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பான் அவள் சொன்னதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் சட்டையை இறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிறு மாலை அழைப்பின் ஒலிப்பதிவைக் கொண்டுவரச் சொன்னார்கள். குடும்பத்தாரின் மனநிலையைக் கருதி அதைத் தவிர்க்கலாம் என்றார் கம்பெனி வழக்கறிஞர். குடும்பத்தார் நான் ஒருவன். போடச் சொன்னேன்.

கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. இடைவேளையில் ஒரு அதிகாரி தர்சிகாவிடம் ஒரு தாள் கொடுத்தார். அனுமதி மறுபரிசீலனையில் வைக்கப்படுகிறது. அவ்வளவு வேகமாக இங்கே எந்தத் தாளும் வந்து நான் பார்த்ததில்லை. தர்சிகா அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "தண்ணி குடியுங்கோ அண்ணை," என்றாள்.

ஐம்பது நாளாக எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. நான் சொன்னதை அவள் சொன்னாளா? சொல்லியும் அவளைச் சாகவிட்டார்களா? அல்லது தர்சிகாவுக்காக, 'ஆமாம், எனக்குத்தான் ஆபரேஷன்' என்று பொய் சொல்லிவிட்டு, 'பரவாயில்லை' என்று தானே போய்ப் படுத்துக்கொண்டாளா? அவள் செய்யக்கூடியவள். அப்படிச் செய்திருந்தால் நான் கோபப்பட வேண்டிய ஆள் பட்டியலில் அவளும் இருப்பாள்.

ஒலிப்பதிவு ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. முழுவதும் போடுவதற்கு முன் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "அவர் 'பரவாயில்லை' என்று சொல்வது எந்த இடத்தில் வருகிறது?"

கம்பெனி வழக்கறிஞர் தன் தாள்களைப் புரட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்து பேசினார். "அது... அழைப்பை மூடும்போது தாதி தேர்வு செய்யும் வகை. மூன்று வகைகள் உண்டு. மருத்துவர் அழைக்கப்பட்டார். நோயாளி மறுத்தார். பரவாயில்லை."

"ஆக, அவர் அதைச் சொல்லவில்லை."

"சொற்களாக, இல்லை."

பிறகு போட்டார்கள். முதலில் மூச்சுச் சத்தம். பிறகு தாதிக்காகப் பேசும் எந்திரத்தின் தமிழ்.

"வணக்கம். உங்கள் வலி எண் மூன்று. எவ்வாறு உதவலாம்?"

"வயிறு. கீழ வலது பக்கம். மூணு நாளா வாந்தி. டாக்டரைக் கூப்பிடுங்க."

"பதிவின்படி பன்னிரண்டு நாட்களுக்கு முன் உங்களுக்கு வயிற்றில் அறுவை நடந்துள்ளது. இந்த வலி எதிர்பார்க்கப்பட்டதே."

"இது வேற வலி."

"வேறு வலி எனில் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அந்த அறுவை நடந்தது உங்களுக்குத்தானா? ஆம் அல்லது இல்லை என்று கூறவும்."

ஒன்பது விநாடி. எண்ணினேன்.

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"உங்கள் பதில் ஏற்கப்படவில்லை. ஆம் அல்லது இல்லை."

இப்போது பின்னணியில் ஒரு மனிதக் குரல். தாதி. எந்திரத்திடம் அல்லது பக்கத்தில் இருந்த யாரிடமோ அவர்கள் மொழியில் சலிப்போடு சொன்னது, கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. "இவள் யார் என்றே சொல்ல மாட்டாளாம். மூடு."

மூடுவதற்கு நாலு விநாடி எடுத்திருக்கிறது. அந்த நாலு விநாடிக்குள் வினோ பேசியிருக்கிறாள். ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கம்பெனியின் அறிக்கையில் இல்லாதது, மொழிபெயர்ப்பான் மூன்று பேருக்கும் சொல்லக் கொஞ்சம் தாமதித்தது, என் மனைவி கடைசியாக உண்மையில் சொன்னது இது:

"நான் யாரா இருந்தா உங்களுக்கு என்னங்க? வலிக்குது."